எண்ணிக் காட்டச் சொன்ன ஊர்

கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். உச்சி வெயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். செருப்புக்குள் செவல் மண் புகுந்து அரிக்கிறது. எதிரே, கூப்பிடு தூரத்தில், தாமோதரன் சுண்ணாம்பு வாளியோடு நிற்கிறான். நான் நம்பர் சொன்னால் அவன் அந்த இடத்தில் ஒரு வட்டம் போடவேண்டும். வட்டத்தில் குழி தோண்டிக் கல்லுக்கால் நடுவார்கள். கல்லுக்காலில் முள்கம்பி இழுப்பார்கள். அதற்குப் பிறகு அந்தக் காட்டுக்குள் ஆடுகூட நுழைய முடியாது.

"ஏக்" என்று கத்தினேன். வட்டம் போட்டான்.

"தீ" என்று கத்தினேன். அவனுக்குக் கேட்கவில்லை. தாமோதரன் பத்து வருடம் விசைத்தறி ஷெட்டில் நின்றவன். இடது காது சுத்தமாகப் போய்விட்டது. எனக்கோ பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. கையை இன்னும் நன்றாக நீட்டி, இரண்டாவது கல் வரவேண்டிய இடத்தைக் காட்டி, தொண்டை கிழிய மூன்று தடவை கத்தினேன். "தீ... தீ... தீ."

என் கைக்கு நேராக ஒரு படப்பு இருந்தது. மாட்டுக்குப் போடச் சோளத்தட்டையும் வைக்கோலும் அடுக்கி வைத்திருக்கும் போரைத்தான் அங்கே படப்பு என்பார்கள். அதனடியில் ஒரு பெண் குனிந்து தட்டை உருவிக்கொண்டிருந்தாள். என் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், திரும்பிப் படப்பைப் பார்த்தாள். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவள் சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அதில் ஏக் என்றால் ஒன்று. தீ என்றால் இரண்டு. அந்தத் தீயை நாங்கள் கொஞ்சம் கனத்துச் சொல்வோம். ஆனால் தூரத்தில் நிற்கும் தமிழ்க் காதுக்கு அது வெறும் தீதான்.

இது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. தீன், சார், பாஞ்ச் என்று எண்ணிக்கொண்டே அடுத்த மூலைக்குப் போய்விட்டேன்.

கால் நிற்காதவனுக்குக் கிடைத்த வேலை

டிராயிங் படித்துவிட்டு வேலை இல்லாமல் மதுரை பழங்காநத்தம் பஸ் ஸ்டாண்டில் நாள் முழுக்க நின்ற கதையைப் போன வாரம் சொல்லியிருந்தேன். அந்தப் பஸ் ஸ்டாண்டில்தான் இந்த வேலையும் கிடைத்தது. எங்கள் தெருக்காரர் ஒருவர், "சும்மா நிக்கிறதுக்கு எங்க கம்பெனியில வந்து நில்லு" என்றார். நின்றேன்.

தொண்ணூறுகளில் தேக்குப் பைத்தியம் பிடித்துத் திரிந்த காலம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு கன்றுக்குப் பணம் கட்டினால் மகள் கல்யாணத்துக்கு மரமாகக் கைக்கு வரும் என்று சுவருக்குச் சுவர் விளம்பரம். எங்கள் ஆட்கள், வக்கீல்கள், வாத்தியார்கள், பேங்க்காரர்கள், யாரும் இந்தக் காய்ச்சலுக்குத் தப்பவில்லை. தேக்கு வளர வேண்டுமானால் நிலம் வேண்டுமே. நாகமலை புதுக்கோட்டையில் ஒரு மாடியில் ஆபீஸ் போட்டு, அதற்கு மேற்கே இருக்கும் மானாவாரிக் காடுகளைக் கம்பெனி மளமளவென்று வாங்கியது. நான் படம் வரைந்தேன், அளந்தேன், கல் எண்ணினேன். ஓரிடத்தில் உட்கார முடியாத எனக்கு வெயிலில் அலைகிற வேலை பிடித்துத்தான் இருந்தது.

ஒரே ஆள் பெயரில் அம்புட்டு நிலத்தை வாங்கச் சட்டம் இடம் தராது என்று மேனேஜர் சொன்னார். ஆகையால் வேலை செய்கிற எங்கள் பெயரிலேயே துண்டு துண்டாகப் பத்திரம் போட்டார்கள். என் பெயரில் கொஞ்சம், தாமோதரன் பெயரில் கொஞ்சம், தெருவில் இன்னும் நாலைந்து பேர் பெயரில் கொஞ்சம். கையெழுத்துப் போட்டதற்கு ஆளுக்கொரு டிபன் கேரியர் கொடுத்தார்கள். குடியிருந்தது வாடகை வீடு. பத்திரத்தில் நான் பெரிய பண்ணையார். என் அம்மா அந்த டிபன் கேரியரைப் பார்க்கும்போதெல்லாம், "பண்ணையாரே, சாப்பிட வாங்க" என்று கேலி செய்வாள்.

உண்மையான முதலாளி யார் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. மதுரைக்காரர் இல்லை, எங்கள் ஆளும் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

இது எனக்குத் தெரியும். ஊருக்கு எப்படித் தெரியும்? யாரோ ஒருவன் ரிஜிஸ்தர் ஆபீசில் வில்லங்கம் போட்டுப் பார்த்து, வாங்கியவர்கள் பெயரையெல்லாம் எழுதிக்கொண்டு வந்து டீக்கடையில் வாசித்திருக்கிறான். எல்லாம் எங்கள் பெயர்கள். அன்றிலிருந்து பேச்சு ஒன்றே ஒன்றுதான். நம்ம காட்டையெல்லாம் பட்டுநூல்காரங்க வளைச்சுப் போடுறாங்க.

எங்கள் முன்னோர் பட்டு நெய்தவர்கள் என்பதால் எங்களுக்கு அப்படி ஒரு பெயர். அதுவரை அந்தப் பெயரை யாரும் என் முகத்துக்கு நேரே கசப்பாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் தெருவிலும் வாய் சும்மா இருக்கவில்லை. மேற்கத்திக்காரர்களிடம் வைத்துக்கொள்ளாதே, அரிவாளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள் என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் ஒருவர்கூட அந்தப் பக்கம் போனதில்லை. அவர்கள் போய்ப் பார்த்ததெல்லாம் மீனாட்சியம்மன் கோயிலும் சினிமா தியேட்டரும்தான். எனக்கு அவர்கள்மேல் வந்த எரிச்சல் இன்னும் முழுசாகத் தீரவில்லை.

மாமாவின் கடை

அந்தப் பக்கம் போய், போன இடத்திலேயே தங்கிவிட்ட ஒரே மனிதர் என் மாமா. அம்மாவின் தம்பி. கல் எண்ணிய அதே ஊரில் பதினெட்டு வருடமாகத் துணிக்கடை வைத்திருந்தார். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே இப்போதும் பெண் எடுத்துப் பெண் கொடுத்து நிம்மதியாக இருக்கிறார்கள். கிளற எனக்கு மனசில்லை.

அண்ணனோடு தறியைப் பங்கு பிரிப்பதில் சண்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் துணி மூட்டையோடு கிளம்பியவர் மாமா. ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் அந்த ஊர்க்காரர்கள் ஒரு ஓட்டு வீட்டைக் காட்டி இங்கேயே இருங்களேன் என்று சொல்ல, இருந்துவிட்டார். முன்னால் கடை, பின்னால் அடுப்படி. மாமி இறந்ததும் அந்த வீட்டில்தான். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்த பிறகு அந்தக் கடையைத் தவிர அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது.

கடைக்கார அண்ணன் என்றுதான் ஊரே கூப்பிடும். காது குத்து, சடங்கு, கல்யாணம், எல்லாத் துணியும் அவரிடம்தான். எழவு விழுந்தால் கோடித்துணி வாங்க ஆள் வரும். அப்போது மட்டும் விலையைப் பற்றி இரண்டு பக்கமும் பேசுவதில்லை. புதுத்துணியும் கஞ்சியும் அந்துருண்டையும் கலந்த வாசம் அடிக்கும் கடை அது. சின்ன வயதில் லீவுக்குப் போனால் வேட்டிக் கட்டுகளின் மேல் ஏறிப் படுத்துக்கொள்வேன்.

நான் கம்பெனியில் சேர்ந்து அந்த ஊருக்கே அளக்க வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. வேறு ஊர் எதுவும் கிடைக்கவில்லையா என்று கேட்டார். நான் சிரித்தேன். நிலம் விற்றவர்கள் இந்த ஊர்க்காரர்களே, நான் வெறும் கல் எண்ணுகிறவன், இதில் உங்களுக்கு என்ன பயம் என்று கேட்டேன். அவர் ஒரு துண்டை எடுத்து மடித்தார். ஏற்கெனவே மடித்த துண்டுதான் அது.

பழி ஓரிடம்

படப்பு ஒச்சப்பனுடையது. தட்டை உருவிக்கொண்டிருந்த பெண் அவருடைய மனைவி தவமணி. ஒச்சப்பனுக்கு நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசாத மனிதர். மாமாவிடம் தினமும் மாலையில் வந்து பேப்பர் வாசிப்பார்.

அந்தக் காடு அவருடைய தாத்தா காடு. பாகம் பிரிக்கவில்லை. பட்டா மூத்த வீட்டின் பெயரில், அதாவது பெரியப்பா மகன் பெயரில் இருந்தது. உழுதது, விதைத்தது, களை எடுத்தது எல்லாம் ஒச்சப்பன். ஒருநாள் பெரியப்பா மகன் ஒரு வார்த்தை சொல்லாமல் அப்படியே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். ஒச்சப்பனுக்கு விஷயம் தெரிந்தது எங்கள் ஜீப் வந்து நின்ற பிறகுதான்.

அவர் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? பெரியப்பா மகனிடம் போட்டால் அது பங்காளிச் சண்டை. அங்கே பங்காளிச் சண்டை ஒரு தலைமுறையோடு முடியாது. பொண்ணு எடுத்த வீடு, கொடுத்த வீடு, எல்லாம் இரண்டாகப் பிளந்துபோகும். கம்பெனியிடம் போகலாம் என்றால் கம்பெனிக்கு முகம் கிடையாது. முகம் இருந்தது எங்களுக்குத்தான். பத்திரத்தில் பெயர், வயல்வெளியில் ஆள், வாயில் வேறு பாஷை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதற்கு நாங்கள் தோதாக வந்து நின்றோம்.

கல் எண்ணிய மூன்றாம் நாள் பகல் இரண்டு மணிக்குப் படப்பு எரிந்தது.

நான் அப்போது புதுக்கோட்டை ஆபீசில் படம் வரைந்துகொண்டிருந்தேன். தாமோதரன் மூச்சு வாங்க மாடியேறி வந்து சொன்னான். காற்று வேறு மேற்கிலிருந்து அடித்ததாம். பக்கத்தில் கட்டியிருந்த மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு கன்றுக்குட்டிக்கு முதுகு பொசுங்கிவிட்டது. கோடை முழுக்க மாடுகளுக்கு வைத்திருந்த தீவனம் ஒரு மணி நேரத்தில் சாம்பல். தாமோதரன் சொல்லச் சொல்ல நான் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தேன். பாதிப் பென்சில் போய்விட்டது.

சாயங்காலத்துக்குள் யார் வைத்தது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. கம்பெனிப் பட்டுநூல்காரன் படப்புக்கு நேராகக் கையை நீட்டித் தீ, தீ, தீ என்று மூன்று தடவை ஆளுக்கு உத்தரவு போட்டிருக்கிறான். மூன்றாம் நாள் எரிந்துவிட்டது. கண்ணால் பார்த்த சாட்சி தவமணி. அவள் பொய் சொல்லவே இல்லை. பார்த்ததைச் சொன்னாள், கேட்டதைச் சொன்னாள்.

அடுத்த நாலைந்து நாட்களில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு இருப்புக் கொள்ளாது. கம்பெனி ஜீப்பின் கண்ணாடி போயிற்று. சைக்கிளில் சேலை விற்கப் போன எங்கள் ஆட்கள் இரண்டு பேரைச் செக்கானூரணிப் பக்கமே மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் ஒருவருக்குக் கம்பெனி என்ற ஒன்று இருப்பதே தெரியாது. பதிலுக்கு எங்கள் தெருவில் சிலர், காய்கறிக் கூடையோடு வந்த மேற்கத்திப் பெண்களிடம் வாங்காமல் கதவைச் சாத்தினார்கள். கத்தரிக்காய் என்ன பாவம் செய்ததோ.

மாமாவின் கடைக்கு யாரும் வரவில்லை. சுவரில் கரித்துண்டால் என்னவோ எழுதியிருந்தார்கள். மாமா சுண்ணாம்பு அடித்தார். மறுநாள் மறுபடியும் எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமை சாவடியில் ஊர்க் கூட்டம், கடைக்காரரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று அன்றைக்கு முடிவு செய்வார்கள் என்று மாமாவிடம் சொல்லியிருந்தார்கள்.

சாவடியில்

மேனேஜர் போகாதே என்றார். எங்கள் தெரு போகாதே என்றது. அம்மா மட்டும், "உன் வாயால வந்தது, நீதான் போய்ச் சொல்லணும்" என்றாள். காலை பஸ்ஸில் போனேன். மாமாவின் கடைக்குப் போகாமல் நேரே சாவடிக்குப் போனேன். முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்டு வந்ததாகச் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தேன். அவ்வளவு புத்தி அன்றைக்கு எனக்கு இருந்தது.

நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். நடுவில் பழைய பஞ்சாயத்துத் தலைவர், ஓரமாகப் பெண்கள். ஒச்சப்பன் தூணில் சாய்ந்து நின்றார். அவருடைய பெரியப்பா மகனும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். என்னை யாரும் அடிக்கவில்லை. பேசச் சொன்னார்கள். என் தெரு எனக்குச் சொல்லி அனுப்பியதற்கு இதுவே முதல் பதில்.

நான் சொன்னேன். தீ என்பது எங்கள் பாஷையில் இரண்டு. இரண்டாவது கல்லுக்கு இடம் காட்டினேன். எதிரே நின்றவனுக்குக் காது கேட்காது, அதனால்தான் மூன்று தடவை. பிறகு ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணிக் காட்டினேன். சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் சிலரும் சிரித்தார்கள். கூட்டம் இளகுகிறது என்று எனக்குத் தெரிந்தது. தலைவர்கூட, தீ என்றால் இரண்டாமே என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லித் தலையை ஆட்டினார்.

அங்கேயே வாயை மூடியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். கூட்டம் இளகிய தெம்பில் நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். எங்கள் ஆள் எவனாக இருந்தாலும், எந்த ஊரில் இருந்தாலும், எண்ண ஆரம்பித்தால் வாயில் எங்கள் பாஷைதான் வரும். அது மூச்சு மாதிரி, நினைத்தாலும் மாற்ற முடியாது என்றேன். கொஞ்சம் அழகாகச் சொன்னதாக வேறு எனக்கு நினைப்பு.

தவமணி எழுந்தாள். சத்தம் போடவில்லை. நிதானமாகத்தான் கேட்டாள்.

"அப்ப ஒண்ணு செய்வோம் தம்பி. கடைக்கார அண்ணனக் கூட்டியாருவோம். எதுக்குன்னு சொல்ல வேணாம். துணியக் குடுத்து எண்ணச் சொல்லுவோம். நீ சொன்ன மாதிரி உங்க பாஷையில வந்தா, நாந்தேன் தப்பாக் கேட்டேன்னு இந்தச் சபையில விழுந்து கும்பிட்டுக்கிறேன்."

அதைவிட நியாயமான யோசனை இருக்க முடியாது. நானே சரி என்றேன். சந்தோஷமாகச் சரி என்றேன். பழங்காநத்தம் வீட்டில் மாமா எங்கள் பாஷையில் எண்ணி ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அவருடைய கடையில் எண்ணும்போது நான் வேட்டிக் கட்டின்மேல் தூங்கிக்கொண்டிருப்பேன். காது கொடுத்ததே இல்லை.

நான் போய்க் கூட்டி வருகிறேன் என்று ஒச்சப்பன் கிளம்பினார். எரிந்தது அவர் படப்பு. அவர் போவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. என்னை எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் என் முழங்காலைக் கையால் அமுக்கி நிறுத்தினார்.

மாமா வந்தார். வெள்ளை வேட்டி, கை வைத்த பனியன், தோளில் துண்டு. என்னைப் பார்த்தார், ஆச்சரியப்படவில்லை. அவர் கடையிலிருந்தே எடுத்து வந்த துண்டுகளை ஒச்சப்பன் அவர் முன்னால் வைத்தார். எத்தனை இருக்கு, எண்ணிச் சொல்லுங்க என்றார் தலைவர்.

மாமா கீழே உட்கார்ந்தார். முதல் துண்டை எடுத்து ஒரு பக்கம் வைத்தார்.

"லாபம்" என்றார்.

களத்தில் நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்று சொல்லித்தான் தொடங்குவார்கள். விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் வழக்கம் அது. மாமா அப்படித்தான் தொடங்கினார். பிறகு, "ரெண்டு... மூணு... நாலு..." என்று நிறுத்தி நிறுத்தி, கடைசித் துண்டுவரை எண்ணினார். பதினொன்று என்று சொல்லிவிட்டுத் தலைவரைப் பார்த்தார்.

நான் எழுந்து கத்தினேன். மாமா, நம் பாஷையில் எண்ணுங்கள் என்று எங்கள் பாஷையிலேயே கத்தினேன். அதுவே போதுமானதாக இருந்தது. பாருங்கடா, அவுக பாஷையில சாடை சொல்லிக் குடுக்குறான் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதன்பிறகு நான் சொன்ன எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. தவமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் அதில் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை.

மூன்று நாளைக்குள் கடையைக் காலி செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. சாமானுக்கு எந்தச் சேதமும் வராது, அதற்கு ஊர் பொறுப்பு என்று தலைவர் சொன்னார். மாமா கும்பிட்டுவிட்டு, எண்ணிய துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

மூன்றாம் நாள்

வேன் பிடித்துக்கொண்டு நான்தான் போனேன். அந்த மூன்று நாளும் மாமாமேல் எனக்கு இருந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஊரே காத்திருக்க, வாயில் வந்த ஒரு வழக்கத்தால் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாரே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே மூட்டைகளை ஏற்றினேன். அவர் விவரம் தெரியாமல் எண்ணினார், அவர்மேல் தப்பில்லை என்று ஒரு மனசு சொல்லும். இன்னொரு மனசு கேட்காது.

பாதி ஏற்றியிருப்போம். ஒச்சப்பன் வந்தார். யாரிடமும் கேட்காமல் துண்டைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு மூட்டை தூக்க ஆரம்பித்தார். தெருவில் நாலு பேர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் சட்டை செய்யவில்லை. கடை காலியானதும் மாமா கயிறு கட்ட உட்கார்ந்தார். ஒச்சப்பன் பக்கத்தில் குத்தவைத்தார். நான் இருப்பதைப் பார்த்தும் பேசினார்.

"வழியிலயே படிச்சுப் படிச்சுச் சொல்லித்தானண்ணே கூட்டியாந்தேன். எதுக்குக் கூப்பிடுறாங்க, என்ன சொல்லணும்னு. உங்க பாஷையில எண்ணியிருந்தா முடிஞ்சுபோச்சு. ஏண்ணே அப்படிச் செஞ்சீக?"

மாமாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் உட்கார்ந்தார், தெரிந்துதான் லாபம் என்றார்.

மாமா கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். அவர் பேசியதும் அந்த ஊர்த் தமிழ்தான்.

"பதினெட்டு வருசமா இந்த ஊருக்கு நான் தமிழ்லதான எண்ணிப் போட்டேன், ஒச்சப்பா. அன்னைக்கு மட்டும் மாத்தி எண்ணுனா, அம்புட்டு நாளும் நடிச்சேன்னு ஆயிராதா?"

படப்பில் தீ வைத்தது யார் என்று தனக்குத் தெரியும் என்றார் ஒச்சப்பன். வாயைத் திறந்தால் இரண்டு வீட்டிலும் தலை உருளும், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். எனக்கும் தெரியும், நீ திறக்காதே என்றார் மாமா.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நிலத்தின்மேல் இருக்கும் சாமான்களை ஒரு வாரத்துக்குள் அகற்றிக் காலியிடமாக ஒப்படைக்க வேண்டியது விற்பவர் பொறுப்பு என்று பத்திரத்தில் ஒரு ஷரத்து இருந்தது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். முன்வரிசையில் நல்ல சட்டை போட்டு உட்கார்ந்திருந்த பெரியப்பா மகனுக்கும் அந்த ஷரத்து தெரியும். எங்களில் ஒருவரை ஊரைவிட்டு அனுப்பினால் அங்கே யாருக்கும் வெட்டுக்காயம் படாது. ஊர் அதற்குத்தான் எங்களைத் தேர்ந்தெடுத்தது. சிலர் தெரிந்து, பலர் தெரியாமல்.

வேன் கிளம்பியது. மாமா முன்சீட்டில் உட்கார்ந்து மடியில் கைகளை வைத்துக்கொண்டார். அவர்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் என்மேலேயே திரும்பியிருந்தது.

மறுநாளே அந்தக் கம்பெனி வேலையை உதறினேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். உதறவில்லை. அந்தக் கம்பெனி பூட்டிக்கொண்டு ஓடும்வரை, கிட்டத்தட்ட இன்னும் ஒரு வருடம், மேற்கே ஊர் ஊராகப் போய்க் கல்லுக்கால் எண்ணினேன். தமிழில் எண்ணினேன்.